வால்காடி

வலது சப்பாத்து ஏறவே இல்லை. மகதலேனா குதிகாலுக்குள் விரலை விட்டு நெம்பினாள், அழுத்தினாள், கடைசியில் கயிற்றை முழுக்க உருவிப் போட்டுவிட்டுத் திணித்தாள். சவப்பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் மணி உருட்டுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்கள்.

"மெதுவா மகதலேனா," என்றாள் பக்கத்து வீட்டுச் சாந்தமேரி.

"என்ன மெதுவா? இனிமே அவருக்கு வலிக்கவா போகுது?"

அழுகை வந்திருந்தால் பரவாயில்லை. வந்ததெல்லாம் கோபம். நேற்று கார் டயர் வெடித்த பத்து தீகா ஊர் வளைவின் மேல் கோபம். கிள்ளானுக்கு ஒரு நடை போய்வந்துவிடுகிறேன் என்று கஞ்சியைக்கூடக் குடிக்காமல் போன கணவன் இருதயத்தின் மேல் கோபம். அந்தக் கஞ்சி இன்னும் அடுப்படியில் மூடியபடி இருந்தது. அதை எடுத்துக் கொட்ட ஒருவருக்கும் கை வரவில்லை.

"அக்கா, கொஞ்சம் உள்ள வா," என்று தம்பி ரபேல் வந்து கூப்பிட்டான். இன்சூரன்ஸ் கம்பெனி ஏஜெண்டாகி ஒரு வருஷம்தான் ஆகிறது. துக்க வீட்டுக்கும் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தான்.

அடுப்படியில் குரலைத் தாழ்த்தினான். "கம்பெனியிலேருந்து தம்புசாமி சார் வராரு. கொல்லையில கெடக்கிற உடைஞ்ச காடியப் பாப்பாரு. உன்னக் கேட்டா, காடியில ஒண்ணும் மாத்தலன்னு மட்டும் சொல்லு."

"அப்ப வாலு?"

"வாலு இல்ல. விடியறதுக்குள்ள கழட்டிட்டேன். நீ வாயத் தொறக்காம இருந்தா போதும். எல்லாம் உனக்காகத்தான்கா. பெட்டிக்குப் பலகைகூட நானே கொடுத்து, சீனத் தச்சன அவசரமா அடிக்கச் சொன்னேன்."

இருதயம் வாங்கியது நாலு பேர் உட்காரும் பழைய கார். பின்பக்கத் தகரத்தை அறுத்து, கனத்த பலகையில் ஒரு பெஞ்சு பூட்டி, மேலே கித்தான் கூரை போட்டு, இன்னும் இரண்டு பேர் வந்த பாதையைப் பார்த்தபடி உட்கார வழி செய்திருந்தார். பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் வரை அதற்கு வால்காடி என்றுதான் பெயர். கிள்ளான் பாசாரில் அதற்காகவே காத்திருந்து ஏறுகிறவர்கள் உண்டு.

இன்சூரன்ஸ் பாரத்தை ரபேல் இதே அடுப்படியில் உட்கார்ந்துதான் நிரப்பினான். வண்டியில் ஏதாவது மாற்றியிருக்கிறதா என்று ஒரு கேள்வி. "ஆமான்னு எழுதுடா, வாலு இருக்குல்ல," என்றார் இருதயம். "ஆமான்னு எழுதினா சிங்கப்பூர்லேருந்து ஆளு வந்து பாக்கணும் அத்தான். மாசக் கணக்கா இழுக்கும். இல்லைன்னே போட்டுடறேன்," என்றான் ரபேல். இருதயம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். காப்பி ஆற்றிக்கொண்டிருந்த மகதலேனாதான் சொன்னாள்: "அவன் நம்ம புள்ளதானே, போடுங்க கையெழுத்த."

அந்த வாயில் இப்போது நெருப்பை அள்ளிப் போட வேண்டும்போல இருந்தது அவளுக்கு.

வாசலில் சத்தம் கேட்டது. வெளியே நின்றவன் அய்யாவு, கேரி தீவுத் தோட்டத்துத் தொழிலாளி. நேற்று அவன் பெண்சாதி மாரியாயி கிள்ளானில் வால்காடி ஏறினாள், பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் தங்கச்சியைப் பார்க்க. இரவே ஆஸ்பத்திரியில் அவளுடைய ஒரு காலை எடுத்துவிட்டார்கள்.

"சண்டைக்கு வரல அண்ணே," என்று அய்யாவு ரபேலிடம் சொல்லிக்கொண்டிருந்தான். "எம் பொண்டாட்டி உங்க காடியிலதான் வந்தான்னு கம்பெனிக்காரங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. ஒத்தக் காலோட இனிமே அவ எந்த வேலைக்குப் போவா?"

"காடியில பின்னால உக்கார எடமே கெடையாதே," என்றான் ரபேல். "ரோட்டுல நடந்து போயிருப்பா. காடி வந்து இடிச்சிருக்கும்."

"நடந்து போனாளா? வாலுல உக்காந்து, என்னப் பாத்துக் கையக் காட்டிக்கிட்டே போனாளே!"

மகதலேனா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். உனக்காக, உனக்காக என்றானே, அந்தப் பொம்பளையைக் காடியிலிருந்தே இறக்கிவிடுவதும் எனக்காகத்தானா?

அவள் வாயைத் திறப்பதற்குள் தம்புசாமி கொல்லைப்புறத்திலிருந்து வந்தார். கையில் நோட்டு, அளவு நாடா. தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "மன்னிக்கணும்மா, இந்த நேரத்துல," என்றார். பிறகு ரபேலிடம் திரும்பினார். "பின்னால தகரத்த அறுத்திருக்கு. அடிச்சட்டத்துல நாலு புதுத் துளை. என்னமோ பூட்டியிருக்காங்க."

ரபேலின் முகம் வெளுத்தது. வெளுத்த வேகத்திலேயே தெளிந்தும்விட்டது. "அப்படி ஏதாவது இருந்தா, கையெழுத்துப் போட்டதுக்கு அப்புறம் எங்களுக்குத் தெரியாம அத்தான் பண்ணியிருப்பாரு சார். செத்தவரப் பத்திப் பேசக்கூடாது..."

அடப்பாவி! வீட்டுக்குள் பிணம் கிடக்கும்போதே பழியை அதன் தலையில் கட்டுகிறானே! மகதலேனா அவனை அறையத்தான் வாசலுக்குப் போனாள். போனவள் திரும்பிப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

காலையிலிருந்து அவள் பெட்டியின் உள்பக்கச் சுவரோரமே இருந்தாள். வாசலைப் பார்த்த பக்கத்தை இப்போதுதான் பார்க்கிறாள். பக்கப் பலகையில் ஒரு சிலுவை செதுக்கியிருந்தது. வருகிறவர்கள் எல்லாம் குனிந்து அதை உதட்டால் தொட்டு முத்தி செய்துவிட்டுப் போனார்கள். வலது கை குட்டையான கோணல் சிலுவை. அதன் கீழே 6-1-34.

மூன்று ராஜாக்கள் திருநாளில் சாமியார் காடியை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தபோது, இருதயம் திருப்புளியால் பெஞ்சில் செதுக்கிய சிலுவை அது. வலது கை செதுக்கும்போது திருப்புளி வழுக்கிக் கட்டைவிரலில் ரத்தம் வந்தது. சேலை முனையைக் கிழித்துக் கட்டியவளே அவள்தான். அன்றைக்கு அந்தப் பெஞ்சில் முதலில் ஏறி உட்கார்ந்து சவாரி போனவன் ரபேல். பாரம் எழுதியது அதற்கப்புறம் இரண்டு மாதம் கழித்து. மண்ணுக்குள் போய்விட்டால் யார் தோண்டப் போகிறார்கள் என்று அந்தப் பெஞ்சுப் பலகையையே தச்சனிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான். வேதக்காரர் பெட்டிக்குப் பொருத்தமாக இருக்கிறதே என்று தச்சன் சிலுவையை வெளியே வைத்து அடித்துவிட்டான்.

"ஐயா," என்றாள் தம்புசாமியிடம். "வாலத் தேடுறீங்களா? இதோ இருக்கு."

"அக்கா!"

"நீ பேசாத! பேசினா செருப்பு பிஞ்சிடும்!" செபமாலை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். "ஐயா, எழுதிக்குங்க. அவரு ஆமான்னு எழுதச் சொன்னாரு. இவன் இல்லைன்னு எழுதினான். கையெழுத்துப் போடுங்கன்னு சொன்னது நான். இந்த அய்யாவு பொண்டாட்டி இந்தப் பலகையிலதான் உக்காந்து வந்தா. தேதியும் இருக்கு, பாத்துக்குங்க."

"உனக்கு ஒண்ணும் கெடைக்காதுக்கா," என்று ரபேல் கிசுகிசுத்தான். "எனக்கும் வேல போயிடும்."

"போகட்டும்டா! என்னைய அழக்கூட விடலியே நீ!"

தம்புசாமி ரபேலை ஒரு பார்வை பார்த்தார். "ஏஜெண்டே பாத்துட்டுப் பொய் எழுதியிருந்தா, அது கம்பெனி தலவலி. என்ன செய்வாங்கன்னு எனக்குத் தெரியாதும்மா. நான் பாத்தத எழுதறேன்." அய்யாவு தலைத்துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றான்.

கோயில் மணி அடிக்கத் தொடங்கிவிட்டது. தூக்க வந்த நாலு பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள்.

தம்புசாமி சிலுவைக் குறி போட்டுக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டார். சிலுவைக்கு இரண்டு புறமும் மெழுகு வைத்து அடைத்திருந்த துளைகளை நகத்தால் சுரண்டினார். அடிச்சட்டத்துத் துளைகளோடு ஒத்துப் பார்க்க, ஒரு துளையில் நாடாவை வைத்து மற்றதுக்கு இழுத்தார். முனை வழுக்கியது. மறுபடி வைத்தார், மறுபடியும் வழுக்கியது.

மகதலேனா அவருக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, நாடாவின் முனையைத் துளையின் மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.