நீலச் சட்டைக்கு ஒரு குறையும் இல்லை

முதல் மூன்று வரிகளை அத்தை மணி மணியாகப் படித்தார். நான்காவது வரிக்கு வந்ததும் மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இதை நான் சொல்ல மாட்டேன்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்த மருமகள் ஹெட்போனைக் கழற்றினாள். "ஏன் அத்தை, தொண்டை கட்டிக்கிச்சா?"

"என் தொண்டைக்கு என்ன கேடு? கேடு இந்த வரிக்குத்தான். உன் புருஷனைக் கூப்பிடு."

அத்தை முப்பத்தோரு வருஷம் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். ஒருமுறை, மூன்று மணி நேரம் தாமதமான வண்டியை 'இன்னும் சற்று நேரத்தில்' என்று சொல்லும்படி மேலதிகாரி உத்தரவு போட்டார். மூன்று மணி நேரம் என்றே மைக்கில் சொன்னார் அத்தை. அதற்காகக் கொடுத்த மெமோவை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்த தலையோடு வீட்டுக்குப் போனார். அந்தக் குரலை நம்பித்தான் அவருடைய தம்பி மகன், தான் உருவாக்கும் வீடியோ கேமில் வருகிற துறைமுகத் துணிக்கடைக்காரிக்கு அவரைப் பேச அழைத்திருந்தான்.

அவன் வந்தான். காகிதத்தை நீட்டினார் அத்தை. "படிடா."

"'ஐயோ, இந்தக் கிழிசலோடயா அரண்மனைக்குப் போறே? பார்க்கவே பரிதாபமா இருக்கு. நல்லதா ஒண்ணு வாங்கிப் போட்டுக்கோ.'"

"யாரோட கிழிசல்?"

அவன் திரையைப் பார்த்தான். கேமின் நாயகன் அங்கே நின்றுகொண்டிருந்தான். அரண்மனைக்கு நியாயம் கேட்கப் போகிற படகு மெக்கானிக். வெளுத்த நீலச் சட்டை, இடது முழங்கையில் காக்கித் துணியால் ஒட்டு. சாகும்வரை படகு எஞ்சின்களோடு மல்லுக்கட்டிய அத்தையின் தம்பி போட்டிருந்த சட்டை அது. ஒட்டுப் போட்டது அத்தையின் கை. தம்பி போய் ஆறு வருஷம் ஆகியும் சட்டை அலமாரியில்தான் இருக்கிறது. அதை எதிரே மாட்டி வைத்துக்கொண்டுதான் மகன் இந்த உருவத்தை வரைந்தான்.

அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"உங்கப்பன் சட்டையை, உங்கத்தை வாயாலயே கிழிசல்னு சொல்ல வைக்கிறியா?"

"நான் எழுதலை அத்தை. வெளியீட்டுக் கம்பெனி அனுப்பினது, நானும் சரியாப் படிக்காம உங்ககிட்ட குடுத்துட்டேன். கேமுக்குள்ள பன்னிரண்டு உடுப்பு விக்கப் போறாங்க. வெறும் அழகுக்குத்தான். போட்டா பலமும் ஏறாது, உயிரும் ஏறாது. வேணும்னா வாங்கலாம், வேணாம்னா விட்டுடலாம்."

"விட்டுடலாம்னா கடைக்காரி எதுக்கு வாயைத் திறக்கிறா?"

அவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். "நாம மறுத்தா ஒப்பந்தமே போயிடுமோன்னு பயமா இருக்கு. ஒன்பது பேர், நாலு வருஷ உழைப்பு."

"பயப்படு, தப்பில்லை. அந்த ஆளை வரச் சொல்லு. நானும் உக்கார்றேன்."

மறுநாள் காலை பத்து மணிக்குக் கம்பெனி அதிகாரி வந்தார். எந்த வெயிலிலும் கழுத்திலிருந்து டையைக் கழற்றாத மனிதர். மருமகள் அவருக்கு வைத்திருந்த பெயரே 'டை'தான்.

"மேடம், இதுல கட்டாயமே இல்லை" என்று ஆரம்பித்தார். "விருப்பப்பட்டவங்க வாங்கட்டும். அந்தக் காசுலதான் அடுத்த வருஷம் புது ஊரு, புதுக் கதை எல்லாம் சேர்க்க முடியும்."

"நியாயம்தான்" என்றார் அத்தை.

தம்பி மகன் திடுக்கிட்டுத் திரும்பினான்.

"விக்கிறது உங்க பாடு, தம்பி. ஆனா விளையாடறவர் முழு விலை குடுத்து உள்ள வந்தவர். டிக்கெட் எடுத்து ஏறின பயணிகிட்ட, ஜன்னலோர சீட்டுக்குத் தனிக் கட்டணம்னு நான் அறிவிப்பேன். 'ஏய் நடு சீட்டுப் பரதேசி, உன்னைப் பார்க்கவே பரிதாபமா இருக்கு'ன்னு மைக்ல சொல்வேனா?"

குபீரென்று வந்த சிரிப்பை மருமகள் இருமலாக மாற்றப் பார்த்தாள். யாரும் நம்பவில்லை.

"கொஞ்சம் சீண்டினாத்தான் மேடம் விக்கும்."

"சீண்டி வாங்க வச்சா அதுக்குப் பேர் விருப்பம் இல்லை, வெட்கம். ஒருத்தரை வெட்கப்படுத்தி விக்க எங்க வீட்டுக் குரல் கிடையாது."

டை தோளைக் குலுக்கினார். "அப்போ வேற குரல் போட்டுக்கலாம்" என்று தம்பி மகனைப் பார்த்தார்.

மேசைக்கு அடியில் மருமகள் அவன் காலை மிதித்தாளா என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

"குரலை மாத்தினா சட்டையையும் எடுத்துடுவேன் சார். அது எங்கப்பாவோடது. ரெண்டும் சேர்ந்துதான் வரும். இல்லேன்னா ரெண்டும் வராது."

அத்தை அவன் பக்கம் திரும்பவில்லை. ஏற்கெனவே நிமிர்ந்திருந்த முதுகு இன்னும் ஓர் அங்குலம் உயர்ந்தது.

டை பேனாவை உருட்டினார். "சனிக்கிழமை நாற்பது பேர் விளையாடிப் பார்க்க வர்றாங்க. உங்க வரியை நீங்களே எழுதுங்க மேடம். உடுப்பெல்லாம் அன்னிக்கு இலவசம். பாதிப் பேராவது கடையைத் திறந்து பார்த்தா உங்க வரி. இல்லேன்னா என் வரி, என் குரல். சம்மதமா?"

"சம்மதம்."

சனிக்கிழமை நாற்பது திரைகளின் முன்னால் நாற்பது பேர் உட்கார்ந்தார்கள். அத்தை கடைசி வரிசை நாற்காலியில். முதல் ஆட்டக்காரர் துறைமுகத்தை எட்டியதும், ரயில் நிலையத்தையே கட்டியாண்ட அந்தக் குரல் எழுந்தது.

"வாங்க. உங்க சட்டைக்கு ஒரு குறையும் இல்லை, உழைச்ச சட்டை. இங்க இருக்கறதெல்லாம் சும்மா அழகுக்கு. எதைப் போட்டாலும் அடி ஒரே மாதிரிதான் விழும். பார்க்கணும்னா கதவைத் தட்டுங்க. இல்லேன்னா ஓடுங்க, கப்பல் கிளம்பப் போகுது!"

"எந்த ஊர்ல கடைக்காரி இப்படிப் பேசுவா!" என்று ஒருவர் சிரித்தார். இன்னொரு முறை கேட்பதற்கென்றே திரும்பிப் போனார் பக்கத்தில் இருந்தவர். போனவர் கதவையும் தட்டினார். கொஞ்ச நேரத்தில் துறைமுகம் முழுக்கப் பட்டு அங்கியும் வெள்ளிக் காலணியுமாக ஒரே அமர்க்களம். டை விரல் விட்டு எண்ணினார். இருபதைத் தாண்டியது, முப்பதைத் தாண்டியது, முப்பத்தாறில் நின்றது.

அதோடு முடியவில்லை. அரண்மனை வாசலில் தங்க அங்கியோடு நின்ற தாடிக்காரர் ஒருவர், பையைத் திறந்து நீலச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"ஏன் சார் மாத்தினீங்க?" என்றார் டை.

"நியாயம் கேக்கப் போறேன். என் சட்டையிலேயே கேக்கறேன்."

"அட, ஆமாம்ல!" என்றது பக்கத்து நாற்காலி. பேச்சு வரிசை வரிசையாகப் பரவியது. அங்கியில் போனவர்களும் உண்டு, அவர்களை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் எக்காளம் முழங்க அரண்மனைக் கதவு திறந்தபோது, இருபத்தொன்பது திரைகளில் ஒட்டுப் போட்ட முழங்கை ஒன்று கதவைத் தள்ளிக்கொண்டு நிமிர்ந்து உள்ளே நுழைந்தது. கூடம் கைதட்டியது. தம்பி மகன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற சாக்கில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

டை நேராக அத்தையிடம் வந்தார். இந்தத் தடவை மேடம் இல்லை. "அந்தக் கிழிசல் வரியை எடுத்துடறேன் அம்மா."

"எடுங்க. கடை வாசல்ல 'அழகுக்கு மட்டும்'னு பெரிசா எழுதியும் வைங்க."

"எழுதிடறோம்." அவர் தயங்கினார். "ஒரே ஒரு யோசனை. அந்த நீலச் சட்டையை நிஜமாவே தைச்சு வித்தா..."

அத்தை எழுந்தார். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, மைக்கே இல்லாமல், கடைசிப் பெட்டிவரை கேட்கும் அந்த அறிவிப்புக் குரலில் சொன்னார்:

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. அந்தச் சட்டை விற்பனைக்கு இல்லை."