அங்குலத்துக்கு நாற்பது நிமிடம்

இஸ்ரவேல் மூன்றாம் தடவையாக அடிக்கோலை வரைபடத்தில் பம்பாயின் மேல் வைத்துப் பெங்களூர் வரை நீட்டினான். ஐந்தேகால் அங்குலம். அங்குலத்துக்கு நூறு மைல். விமானம் மணிக்கு நூற்றைம்பது மைல் போகும் என்று மாலை வகுப்பு வாத்தியார் சொல்லியிருந்தார். ஆனாலும் இன்னொரு முறை பெருக்கிப் பார்த்தான். அங்குலத்துக்கு நாற்பது நிமிடம்தான்.

"இப்போ எங்கடா வர்றான் உங்கண்ணன்?" கட்டிலில் கிடந்த அம்மா கண் திறக்காமல் கேட்டாள்.

"எட்டு மணிக்குக் கெளம்பினாருல்ல? பூனா தாண்டியிருப்பாரும்மா."

ஈரத்துணியால் அம்மாவின் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்த அக்கா ரோசலின் சிரித்தாள். "உன் ஏரோப்ளேன் வழியில எறங்கிக் காப்பி குடிக்காதா? அதையும் கணக்குல சேத்தியா?"

அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கால் மணி கூட்டிக்கொண்டான். பெங்களூரிலிருந்து மைசூருக்கு முக்கால் அங்குலம்தான். அதற்கு ரயிலில் நாலு மணி நேரம். அதை அம்மாவிடம் சொல்ல என்னவோ வெட்கமாக இருந்தது.

பொழுது சாயும் வரை தாங்கினால் பெரிது என்று டாக்டர் காலையில் வாசலில் வைத்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். மைக்கேலைப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று அம்மா மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பதினோரு மணிக்குப் பென்சில் முனை சித்ரதுர்க்கத்தில் நின்றது. அப்போதுதான் வாசலில் சைக்கிள் மணி அடித்தது. ரோசலின் போய்த் தந்தியை வாங்கினாள். பம்பாயில் மழை. விமானம் கிளம்பவில்லை. நாளை வருகிறேன்.

அவள் அதை இஸ்ரவேலிடம் காட்டிவிட்டு மடித்துப் பைபிளுக்கடியில் வைத்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"யாரு ரோஸி?"

"சோப்பு விக்கிறவன்மா."

அம்மா இஸ்ரவேல் பக்கம் முகத்தைத் திருப்பினாள். பிறகு, "எங்க வர்றான்?" என்றாள்.

"சித்ரதுர்க்கம். எதிர்க்காத்தும்மா. மெதுவாத்தான் வர முடியும்."

ஒரு மணிக்கும் சித்ரதுர்க்கம். மூன்று மணிக்கும் சித்ரதுர்க்கம். பென்சிலை நகர்த்த இஸ்ரவேலுக்குக் கை வரவில்லை. நகர்த்தினால் இறங்க வேண்டும். இறங்கினால் அம்மா வாசலைப் பார்ப்பாள்.

"ஏண்டா, ஜட்காவுலயா வர்றான்?"

ரோசலின் சிரிக்கப்போய், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஐந்து மணி வெயில் கட்டில் காலைத் தொட்டபோது அம்மா அவன் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தாள்.

"போதும்டா தம்பி. எறக்கி விட்ரு. எவ்வளவு நேரம் மேலயே சுத்துவான்? பசிக்கும் அவனுக்கு."

அவன் பென்சிலைத் தும்கூர், பெங்களூர் எதிலும் நிறுத்தாமல் மைசூர் வரைக்கும் இழுத்தான்.

"வந்துட்டாரும்மா."

"செருப்ப வெளிய விடச் சொல்லு," என்றாள் அம்மா. பிடி மெல்லத் தளர்ந்தது.

மைக்கேல் மறுநாள் நாலு மணிக்கு வந்தான். அம்மாவின் முகத்தில் வெள்ளைத் துணியைப் போர்த்தினான். கல்லறையிலிருந்து திரும்பி வந்தபோது வரைபடம் நாற்காலியிலேயே கிடந்தது. அதைக் கையில் எடுத்தவன் ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தான். சித்ரதுர்க்கத்தில் ஒரு சின்ன ஓட்டை வழியாக வெளிச்சம் வந்தது.

"இங்க என்னடா ஆச்சு?"

இஸ்ரவேல் அடிக்கோலைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தான்.

"மழைண்ணே," என்றான்.