வாசிக்காமல் விட்ட பாதி

பாளையங்கோட்டைக் கடைவீதி வாசகசாலைக்குள் பெண்கள் போய் உட்கார்ந்தது 1910ஆம் வருஷத்துக் கோடையில்தான். பள்ளிக்கூட லீவு விட்ட மே மாதத்தில் செவ்வாயும் வெள்ளியும், மத்தியானம் இரண்டு மணியிலிருந்து நாலு வரைக்கும் ஆண்கள் யாரும் உள்ளே வரக்கூடாது, பெண்கள் வந்து கேட்கலாம், மிஷன் பள்ளி டீச்சர் இன்பமணி வாசித்துக் காட்டுவாள் என்று கமிட்டியார் தீர்மானம் போட்டார்கள். காரியதரிசி அருமைநாயகம் அரை மனசோடுதான் சாவியைக் கொடுத்தார்.

இன்பமணிக்கு அப்போது இருபத்துமூன்று வயது. நல்ல குரல். அது அவளுக்கும் தெரியும். முதல் நாள் ஏழு பேர் வந்தார்கள். மூன்றாவது வாரம் பாய் போதவில்லை. கீழநத்தத்தில் வயல் வைத்திருந்த வடிவம்மாள் குடும்பத்துப் பெண்கள் நாலு பேர், போலீஸ் லைன் வீடுகளுக்குப் பின்னாலிருந்து ஜமீலா பீவி, கோயில்பிள்ளை வீட்டு மருமகள்கள் என்று கூட்டம் நிறைந்துவிட்டது. வடிவம்மாளுக்குக் குடை பிடித்து வரும் சந்தனமாரி மட்டும் உள்ளே வரமாட்டாள். வாசல்படியில் கைப்பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து கேட்பாள். புருஷன் கொழும்புக்குப் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது.

அந்த மாதம் ஊரில் ஒரே பேச்சு வால்நட்சத்திரம்தான். விடியற்காலையில் எழுந்து கிழக்கே பார்த்தால், துடைப்பத்தை விரித்து வைத்ததுபோல் வானத்தில் பாதிக்கு நீண்டு கிடந்தது. மே பதினேழு, செவ்வாய்க்கிழமை. வடிவம்மாள்தான் ஆரம்பித்தாள்.

"கதை இருக்கட்டும் டீச்சரம்மா. பேப்பர்ல அதைப் பத்தி என்ன போட்டிருக்கான்? அதை வாசியுங்க."

மேஜைமேல் மதராஸ் இங்கிலீஷ் பத்திரிகை கிடந்தது. இன்பமணி அதை எடுத்து, இங்கிலீஷைப் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டு போனாள். வியாழக்கிழமை காலை எட்டு மணி வாக்கில் பூமி அந்த நட்சத்திரத்தின் வாலுக்குள் புகுந்து போகும். வாலில் விஷப்புகை இருப்பதாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்தப் புகை பூமியைச் சூழ்ந்தால் மனுஷரும் மிருகமும் மூச்சடைத்துப் போகக்கூடும் என்று சீமையில் ஒரு பண்டிதர் எழுதியிருக்கிறார்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். கூடத்தில் ஓலை விசிறிச் சத்தம்கூட நின்றுபோயிற்று. இத்தனை பேர் முகமும் தன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது அவளுக்குப் பிடித்திருந்தது. இன்னும் கொஞ்சம் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அந்தப் பத்தி முடிந்ததும் செய்தி அடுத்த பக்கத்துக்குப் போயிற்று. வேறு பண்டிதர்கள் அதை மறுத்திருந்தது அவள் கண்ணில் பட்டது. அதற்குள் கடிகாரம் நாலு அடித்தது. வெளியே ஆண்கள் கனைத்தார்கள். இன்பமணி பேப்பரை மடித்துவிட்டாள்.

படியிறங்கும்போது சந்தனமாரி எழுந்து நின்றாள்.

"டீச்சரம்மா, அந்தப் புகை வந்தா பச்சப்பிள்ளைக்குத்தான மொதல்ல மூச்சு முட்டும்?"

"வெள்ளிக்கிழமை வா மாரி. மிச்சத்தையும் வாசிக்கேன்" என்று சிரித்துவிட்டு, இன்பமணி சாவியைக் கொடுக்கப் போய்விட்டாள்.

புதன்கிழமை மத்தியானம் அவளுடைய அப்பா, உபதேசியார் நேசையா, கடைவீதியிலிருந்து வேர்க்க விறுவிறுக்க வந்தார்.

"ஏளா இன்பமணி, வாசகசாலையில நீ என்னத்தச் சொன்னே? கடைக்குக் கடை உன் பேரைத்தான் சொல்லுதானுவ. நாளைக்கு எட்டு மணிக்கு உலகத்துக்கே மூச்சு நிக்கப்போவுதுன்னு டீச்சரம்மா இங்கிலீஷ்லயே பாத்துச் சொல்லிட்டாவளாம். கோழி ஆடெல்லாம் அறுத்துத் திங்கானுவ. பாதிக் கடை அடைச்சாச்சு."

இன்பமணி எழுந்து வாசகசாலைக்கு ஓடினாள். அருமைநாயகம் முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தார்.

"போலீஸ்காரன் வந்து கேட்டுட்டுப் போயிட்டான்மா. எந்தப் பேப்பர், யாரு வாசிச்சதுன்னு. வாசகசாலையையே பூட்டிருவானுவ போல."

இன்பமணி பேப்பரை எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கினாள். தான் வாசிக்கக் கேட்டவர்களின் வீடு ஒவ்வொன்றாகப் போனாள். "மிச்சத்தையும் கேளுங்க, ஒண்ணும் ஆகாதுன்னு போட்டிருக்கு" என்றாள். சிலர் கதவைத் திறக்கவே இல்லை. ஒருத்தி, "நீங்க எங்களைச் சமாதானம் பண்ண வந்திருக்கிய" என்று அழுதாள். ஜமீலா பீவி மட்டும் உள்ளே கூப்பிட்டு ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தாள். "அல்லா விட்ட வழி. நீ குடி மொதல்ல. உதடெல்லாம் வெடிச்சிருக்கு." வடிவம்மாள் வீடு பூட்டிக் கிடந்தது, குடும்பத்தோடு நெல்லையப்பர் கோயிலுக்குப் போயிருந்தார்கள். சந்தனமாரியின் ஞாபகம் இன்பமணிக்கு அன்றைக்கு வரவே இல்லை. அதை நினைத்து அவள் பிற்பாடு வெகுகாலம் கூசினாள்.

வியாழக்கிழமை ஆறரை மணிக்கு வாசலில் வில்வண்டி வந்து நின்றது. வடிவம்மாள் தலைமுடியைக்கூட முடியாமல் இறங்கினாள்.

"டீச்சரம்மா, மாரி நேத்துக் காலையில வந்தா. பொங்கலுக்கு நான் குடுத்த சேலையைத் துவைச்சு மடிச்சுத் திருப்பிக் குடுத்துட்டா. 'மூச்சு முட்டிப் பிள்ளையள் தவிக்கதை நான் பாக்கமாட்டேம்மா, ஆத்துத் தண்ணி நமக்குப் பழக்கப்பட்ட தண்ணிதான'ன்னா. அப்பம் நான் காதுல வாங்கல. விடியக்காலம்தான் உறைச்சுது. குடிசைக்கு ஆள் விட்டேன். கதவு தெறந்து கெடக்காம். கீழநத்தத்து ஆத்துக்குத்தான் போயிருப்பா, ஏறுங்க."

வண்டி கீழநத்தம் பாதையில் குலுங்கிக்கொண்டு ஓடியது. இன்பமணியின் கையில் பேப்பர் இருந்தது. எப்போது எடுத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஜெபம் பண்ணப் பார்த்தாள். முதல் வார்த்தையைத் தாண்டவில்லை.

கோடையில் தாமிரபரணி அங்கே முழங்காலளவுதான் ஓடும். ஆனால் மருதமரங்களுக்குக் கீழே, பாறையை ஒட்டி, எந்த வெயிலிலும் வற்றாத கசம் ஒன்று உண்டு. ஆழம் தெரியாமல் அதில் மாடுகூட இறங்காது. சந்தனமாரி அங்கேதான் இருந்தாள். தண்ணீருக்குள் படிபோல் நீட்டிக்கொண்டிருந்த பாறையில், இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். கைப்பிள்ளையை மார்போடு முந்தானையால் இறுக்கிக் கட்டியிருந்தாள். மூத்தவள், நாலு வயது பூவம்மாள், மேலே வறண்ட பாறையில் உட்கார்ந்திருந்தாள். அவள் கையில் கட்டியிருந்த துணிக்கயிறு தாயின் இடுப்புக்குப் போயிற்று.

"கிட்ட வராதிய" என்றாள் மாரி. சத்தம் போடவில்லை. "மணி என்ன ஆவுது?"

"மாரி, ஒண்ணும் நடக்காது. நான் பாதிதான் வாசிச்சேன். மிச்சத்தைக் கேளு."

இன்பமணி பேப்பரைப் பிரித்தாள். வால் என்பது அடுப்புப் புகையைவிட மெல்லியது, பூமியின் காற்றை அது தாண்டி வராது, பயப்பட ஒன்றுமில்லை என்று ஒவ்வொரு வரியாகச் சொன்னாள்.

மாரி முழுக்கக் கேட்டாள். பிறகு, "செவ்வாக்கிழமையும் இதே குரல்லதான வாசிச்சிய" என்றாள்.

இன்பமணி பேப்பரை மணலில் போட்டாள். சேலையைக்கூடத் தூக்காமல் தண்ணீரில் இறங்கினாள். அவளுக்கு நீச்சல் தெரியாது. பாசி பிடித்த பாறை காலுக்கடியில் வழுக்கியது. மாரிக்கு ஒரு கை எட்டும் தூரத்தில் போய் நின்றாள்.

"நேரம் தாண்டற வரைக்கும் நானும் இங்கன நிக்கேன். மூச்சு முட்டினா எனக்கும் முட்டட்டும்."

மாரி அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

அப்படியே நின்றார்கள். கரையில் வடிவம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். வெயில் ஏறியது. இன்பமணி தன் மூச்சை எண்ணத் தொடங்கினாள். ஒவ்வொரு மூச்சும் முந்தியதைவிடக் குறைவாக வருவதுபோல் இருந்தது. பேப்பரில் போட்டதும் பொய்யாயிருந்தால்? மறுத்து எழுதினவர்களுக்கு மட்டும் நிச்சயமாகத் தெரியுமா? அதுவரை அவள் பயந்தது மாரிக்காகவும் பிள்ளைகளுக்காகவும். இப்போது தனக்காகவும் பயந்தாள்.

அந்த நேரம் பார்த்து அக்கரை மரங்களுக்கு மேலாகப் புகை கிளம்பியது.

சாம்பல் நிறத்தில், தணிவாக, ஆற்றின்மேல் படர்ந்து வந்தது. பூவம்மாள் இருமினாள். கைப்பிள்ளை வீறிட்டது.

"வந்துட்டு" என்றாள் மாரி. துணிக்கயிற்றை வெடுக்கென்று இழுத்தாள். குழந்தை பாறையில் சறுக்கிக்கொண்டு வந்தது.

இன்பமணி பாய்ந்து கயிற்றைப் பிடித்தாள். கயிறு கையில் சிக்கியது, காலுக்குத்தான் பிடி கிடைக்கவில்லை. பாறை முடிந்த இடத்தில் கீழே ஒன்றுமே இல்லை. தண்ணீர் அவள் தலைக்குமேல் மூடியது. காதுக்குள் பச்சையாக ஒரு இரைச்சல். மூச்சடைப்பது என்றால் என்னவென்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தாள், ஆறு உள்ளே வந்தது.

தலைமுடியை யாரோ கொத்தாகப் பிடித்தார்கள். மண்டைத்தோல் பிய்ந்துவிடும்போல் வலித்தது. வெளிச்சம் வந்தது. சந்தனமாரி ஒரு கையால் மருதவேரைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் அவளை இழுத்துப் பாறைமேல் போட்டுக்கொண்டிருந்தாள். மார்போடு கட்டிய பிள்ளை இடையில் நசுங்கி இன்னும் உரக்க அழுதது.

"வேரைப் பிடியுங்க! பிடியுங்கன்னேன்!"

வடிவம்மாள் அதற்குள் தண்ணீரில் இறங்கிப் பூவம்மாளைத் தூக்கியிருந்தாள். "ஏட்டி மாரி, செங்கச்சூளைப் புகைட்டி அது! அங்கன பாரு, சூளையில தீ வச்சிருக்கான்! கிறுக்கச்சி, பாருட்டி!"

மாரி பார்த்தாள். அக்கரையில் ரெண்டு ஆட்கள் சூளைக்குள் விறகு எறிந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மணலில் நாலு பேரும் விழுந்து கிடந்தார்கள். இன்பமணி குடித்த தண்ணீரையெல்லாம் கக்கினாள். வண்டிக்காரன் தூரத்திலிருந்து, மணி ஒன்பதாகியிருக்கும் என்று சொன்னான். காற்று வந்தது, மருத இலைகள் அசைந்தன. அவ்வளவுதான்.

மாரி முந்தானையை அவிழ்த்துப் பிள்ளையை மடியில் வைத்தாள். மார்பில் சேர்த்தாள். பிள்ளை சப்பிவிட்டு மறுபடியும் அழுதது.

"ரெண்டு நாளா பால் இல்ல" என்றாள், இன்பமணியைப் பார்க்காமல். "பயத்துல வத்திப்போச்சு. நீங்க வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பிய. நான் எம் பிள்ளையளை எப்படிப் பிடிச்சு அமுக்கன்னு ராத்திரியெல்லாம் ரோசிச்சுக்கிட்டிருந்தேன். பெரியவளை மொதல்லயா, சின்னதை மொதல்லயான்னு."

"மாரி..."

"பேசாதிய டீச்சரம்மா. இப்பம் பேசாதிய."

வடிவம்மாள் பிள்ளையை வாங்கிக்கொண்டு, பசும்பால் காய்ச்சிக் கொடுக்கலாம் என்று மாரியையும் பூவம்மாளையும் வண்டியில் ஏற்றினாள். இன்பமணி ஏறவில்லை, ஏறச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை. ஈரச் சேலையோடு பாளையங்கோட்டைக்கு நடந்தே வந்தாள். வழியில் கடைகளைத் திறந்துகொண்டிருந்தவர்கள் அவளைக் காட்டிச் சிரித்தார்கள்.

வெள்ளிக்கிழமை வாசிப்பு கிடையாது என்று கமிட்டியார் பலகை எழுதித் தொங்கவிட்டார்கள். இன்பமணி அப்படியும் இரண்டு மணிக்குப் போய்ப் பூட்டின கதவுக்கு முன்னால் நின்றாள். ஒன்பது பெண்கள் வந்தார்கள். முந்தின நாள் ஆற்றில் நடந்ததை ஒன்றுவிடாமல் அவர்களிடம் சொன்னாள். தன் குரலில் தானே மயங்கிப் பேப்பரை மடித்ததையும் சொன்னாள். அப்படிச் சொல்லும்போது அவளுக்குக் குரல் எழும்பவே இல்லை. முன்னால் நின்றவர்கள் பின்னால் நின்றவர்களுக்குத் திருப்பிச் சொன்னார்கள்.

சந்தனமாரி வரவில்லை. பால் மறுபடி ஊறி, பிள்ளை தேறிவிட்டது என்று ஒரு வாரம் கழித்து ஜமீலா பீவி சொன்னாள். அன்றைக்குத்தான் இன்பமணிக்குச் சோறு இறங்கியது.