முதல் ஈட்டிக்குச் சாட்சி

கோட்டை விழுந்து சாம்பல்கூட ஆறவில்லை, அதற்குள் வாய்ச்சண்டை ஆரம்பமாகிவிட்டது.

"மதிலுக்குள்ள முதல்ல குதிச்சது நான்தான்யா! முதல் ஈட்டி என்னோடதுதான்!" என்று தாங்கோ தொண்டை கிழியக் கத்தினான். சக வீரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்? போன வருஷம் ஒரே அம்பில் மூன்று பேரைச் சாய்த்ததாக அளந்தவன் ஆயிற்றே!

"போய்யா, புளுகுமூட்டை! மதில் மேல கென்சுகே நின்னதை நாங்க அத்தனை பேரும் கீழேயிருந்து பார்த்தோம். அவருக்கு முன்னாடி ஒரு ஈ காக்கா இல்ல" என்றான் ஒருவன்.

கென்சுகே தன் ஈட்டி முனையைத் துடைத்துக்கொண்டிருந்தான். கோட்டைக்குள் முதலில் புகுந்தவனுக்குக் கிடைக்கும் முதல் ஈட்டி என்ற பெயருக்காக அவன் பிறந்த மொரோய் குடும்பம் மூன்று தலைமுறையாக ரத்தம் சிந்தியிருக்கிறது. இன்று அது தானாக மடியில் வந்து விழுகிறது. சும்மா இருந்தாலே போதும்.

போர்க் கண்காணிப்பாளர் நிஷிகோரி தூரிகையை மையில் நனைத்தார். கண்ணால் கண்ட சாட்சி இல்லாமல் யாருக்கும் அந்தப் பெயர் கிடையாது. பிரபுவின் படையில் அது மாறாத வழக்கம். தாங்கோவுக்கோ சாட்சி இல்லை.

"கென்சுகே, உன் பேரை எழுதிடலாமில்ல?"

தாங்கோ கென்சுகேயைப் பார்த்தான். கென்சுகே மதில் மேல் கால் வைத்தபோதே, யார் கண்ணிலும் படாமல் வேறொரு மூலையில் ஏறிக் குதித்து, உள்பக்கம் நாலு எதிரிகளுக்கு நடுவில் தன் பெயரைக் கூவிக்கொண்டு தனியாகக் குத்திக்கொண்டிருந்தவன் அவன்தான். உயிரோடிருப்பவர்களில் அதைப் பார்த்தவன் கென்சுகே மட்டுமே. பாவி, தன்னை முந்தியவன் இந்தப் புளுகனாகவா இருக்க வேண்டும்!

"எழுதாதீங்க ஐயா. நான் ஏறினப்பவே இவன் உள்ள சண்டை போட்டுக்கிட்டிருந்தான். என் கண்ணால பார்த்தேன். இந்த ஒரு தடவை இவன் சொல்றது நிஜம்."

சிரிப்பு நின்றது.

"யோசிச்சுத்தான் சொல்றியா?" நிஷிகோரி குரலைத் தாழ்த்தினார். "இதுக்காக உங்கப்பா எவ்வளவு தவிச்சார்னு எனக்குத் தெரியும்ப்பா."

"எங்கப்பா நாலாவதா ஏறினார் ஐயா. சாகுற வரைக்கும் நாலாவதுன்னுதான் சொன்னார். ஒரு நாளும் மூணாவதுன்னு சொன்னதில்ல." கென்சுகே நெஞ்சை நிமிர்த்தினான். "இரண்டாவது ஈட்டி மொரோய் கென்சுகேன்னு எழுதுங்க. கொஞ்சம் பெருசா எழுதுங்க."