அந்தப் பக்கம் லீவு

எங்கள் ஓசூர் தொழிற்சாலையில் ஸ்கூட்டர் மீட்டருக்கான எலக்ட்ரானிக் போர்டு செய்கிறோம். போர்டில் ஏற்ற வேண்டிய மென்பொருளைத் தினமும் காலையில் ஒரு ஸ்கிரிப்ட் தானாகவே தயாரித்துத் தரும். அது ஓடினால்தான் உற்பத்தி லைன் ஓடும். நவம்பர் ஒன்றாம் தேதி அது ஓடவில்லை.

கடைசி வரியில் சின்டாக்ஸ் எரர் என்று திரையில் வந்தது. கடைசி வரியில் தப்பு ஒன்றுமே இல்லை. இந்தப் பிழைச் செய்திகளை எழுதியவன் கையில் கிடைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பேன். மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்து வந்தேன். நடுவில் ஓரிடத்தில், புது மாடலின் பெயருக்கு முன்னால் திறந்த மேற்கோள் குறியை யாரும் மூடவில்லை; அதைத் தேடிக் கடைசி வரி வரை போய்த்தான் ஸ்கிரிப்ட் முட்டி நின்றிருக்கிறது. பெங்களூர் ஆபீசில் சந்தோஷ் முந்தின நாள் சேர்த்த வரி. லீவுக்குக் கிளம்பும் அவசரம்.

ஒரு குறி போட்டால் தீர்ந்தது. ஆனால் அந்தக் கோப்பைத் திருத்தும் உரிமை பெங்களூருக்கு மட்டும்தான். அங்கே அன்று கன்னட ராஜ்யோத்சவம், கர்நாடகம் உருவான நாள், லீவு. மாநில எல்லையான அத்திப்பள்ளிக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு வேலை நாள். சந்தோஷின் போன் ஸ்விட்ச் ஆஃப். எங்கள் மேலாளர் கிருஷ்ணப்பனிடம் போய் நின்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தனக்கும் உரிமை இல்லை என்று கையை விரித்தார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் லைனில் வேலை செய்யும் பெண்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் முனிலட்சுமி அக்காவும் ஒருவர். பேரிகையிலிருந்து வரும் கம்பெனி பஸ்ஸில் எனக்கு இடம் போட்டு வைப்பவர். காண்ட்ராக்ட் ஆள். ஆறு மாதம் ஒரு நாள் விடாமல் வந்தால் கம்பெனி ஆளாக எடுத்துக்கொள்வார்கள் என்பதற்காகக் காய்ச்சலோடும் வந்தார், மாமியார் செத்த மறுநாளும் வந்தார். இது கடைசி வாரம். மதியத்துக்குள் லைன் ஓடாமல் வீட்டுக்கு அனுப்பினால் வருகை கிடையாது. யார் அனுப்பினாலும் விடுபட்ட நாள் விடுபட்ட நாள்தான், கணக்கு மறுபடி முதலிலிருந்து.

என் கணினியில் அந்தக் குறியைப் போட்டு ஓட்டிப் பார்த்தேன். அழகாக ஓடியது. ஆனால் சர்வரிலிருந்து வந்ததை மட்டும்தான் லைன் மெஷின் எடுத்துக்கொள்ளும். அழுகையாக வந்தது. மறுபடி போன் போட்டேன். மறுபடி ஸ்விட்ச் ஆஃப்.

சாப்பாட்டு மணிக்கு முன்பே காண்ட்ராக்ட் ஆட்களை அனுப்பிவிட்டார்கள். மூன்று மணி வாக்கில் சந்தோஷ் போனை எடுத்தான். கொடியேற்றம், பிறகு தூக்கம் என்றான். உட்கார்ந்த இடத்திலிருந்தே குறியைப் போட்டான். ‘அவ்ளோதானா’ என்று ஒரு சிரிப்புப் பொம்மையோடு மெசேஜ் வந்தது.

கம்பெனி பஸ் சாயங்காலம்தான். முனிலட்சுமி அக்கா அதுவரை கேட்டுக்கு வெளியே டீக்கடை ஓரமாகவே உட்கார்ந்திருந்திருக்கிறார். நான் பஸ் ஏறியபோது எனக்கும் இடம் போட்டு வைத்திருந்தார்.

“ரொம்பப் பெரிய ரிப்பேரா பாப்பா?”

“ஆமாக்கா. ரொம்பப் பெருசு.”

“அப்ப நீ மட்டும் என்னா பண்ணுவ, வுடு,” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பாகலூரில் நான் இறங்கும் வரை அந்தக் கையை விடவில்லை.