கடின நீருக்கு நாலு மார்க்

கேசர்பாயைத் திருடி என்று சொன்னது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடுவில் மழுப்பிவிடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியாதா?

ராஜஸ்தானில், பயிற்சி மையங்களுக்குப் பேர்போன கோட்டா நகரத்தில், எங்கள் விடுதிப் பெண்கள் நாற்பது பேருக்கும் அவள்தான் துணி துவைப்பாள். நான் டாக்டர் நுழைவுத் தேர்வோடு இரண்டாவது வருஷமாக முட்டி மோதிக்கொண்டிருந்தேன். ஏப்ரலில் நகராட்சிக் குழாய்த் தண்ணீர் நின்று ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வர ஆரம்பித்தது. அதிலிருந்து என் வெள்ளை குர்தாவில் பிசுபிசுவென்று சாம்பல் நிறத்தில் ஏதோ ஒட்டிக்கொண்டே வந்தது. விடுதி கொடுக்கும் சோப்பும் பாதி மாசத்திலேயே தீர்ந்துபோனது.

"தண்ணி சரியில்ல கண்ணு. எவ்வளவு தேய்ச்சாலும் நுரை வரல, பால் திரிஞ்ச மாதிரி திரியுது" என்றாள் கேசர்பாய்.

"நல்லா விடுறியே கதை! சோப்பை வீட்டுக்குக் கடத்திட்டா நுரை எப்படி வரும்?"

அறைத்தோழி வர்த்திகா விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு கொடுத்த தெம்பில் நேரே வார்டன் மாத்துர் மேடத்திடம் போய்ப் போட்டுக்கொடுத்தேன். அன்று சாயங்காலமே கேசர்பாயை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வாராந்தரத் தேர்வு. எண்பத்து மூன்றாவது கேள்வி: கடின நீரில் சோப்பு ஏன் நுரைப்பதில்லை? கால்சியம், மெக்னீசியம் உப்புகளோடு சேர்ந்து கரையாத கசடாகித் துணியில் படியும். மூன்று கலரில் கோடு போட்டு உருப்போட்ட பாடம். நாலு விநாடியில் வட்டத்தை நிரப்பினேன். அப்புறம்தான் பேனா நின்றது.

அடிப்பாவி! அவள் இதைத்தானே சொன்னாள்?

வெட்கக்கேடு என்னவென்றால், அப்போதும் எழுந்து ஓடவில்லை. மிச்சக் கேள்விகளையும் எழுதிவிட்டுத்தான் வார்டனிடம் போனேன்.

"மேடம், கேசர்பாய் திருடல. எல்லாம் தண்ணியால வந்தது. பாடத்துலயே இருக்கு."

"அந்தப் பாடத்தை எப்போ படிச்ச?"

"போன வருஷம்."

மேடம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அவளும் தண்ணின்னுதான் அழுதா. படிக்கிற பொண்ணு சொல்றாளேன்னு நான் உன்னை நம்பினேன்." கேசர்பாயைக் கூப்பிட்டு, போனை என் கையில் திணித்தார். "நீயே சொல்லு."

சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன், திரும்ப வரச் சொல்லிக் கெஞ்சினேன்.

"வேணாம் கண்ணு. நாப்பது பேரும் என் கையையே பாத்துட்டு நிப்பீங்க." பிறகு அவளே கேட்டாள், "இது பரீட்சையில வந்துச்சா?"

"வந்துச்சு."

"சரியா எழுதினியா?"

"எழுதினேன்."

"மார்க்கு உண்டா?"

"நாலு."

"சரி, நல்லா படி" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாள். திட்டியிருக்கலாம். நாலு வார்த்தை நன்றாகத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.