முனாப் பிடித்த உப்புருண்டை

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. "கதை எழுதுறீங்களே மதினி, எங்கட கதைய எழுதினா என்ன?" என்று சுஹறாதான் கேட்டாள். அவள் கணவன் முனாப் என் தம்பி. மருதமுனையில் அவள் வீட்டில் அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் சர்க்கரைப்பாகும் சேர்த்துத் தொதல் கிண்டி, கல்முனைச் சந்தையில் விற்பவன்.

முதல் வரி இப்படி வந்தது: 'தொதல்காரனின் மனைவிக்குச் சீனி வருத்தம் வந்தது விதியின் விளை...'

வேண்டாம். தொதலோடு சேர்த்து நீரிழிவைச் சொன்னால் வாசிக்கிறவருக்குச் சிரிப்பு வரும். அந்த வீட்டில் அப்போது யாரும் சிரிக்கவில்லை. அவளுடைய முதல் பிள்ளை பெரிய உடம்போடு, உயிரில்லாமல் பிறந்திருந்தது.

2

எண்பத்திரண்டாம் ஆண்டில் மறுபடி உண்டானாள். ஏழாம் மாதம் கிளினிக்கில் அவள் சிறுநீரை நீல மருந்தில் விட்டுச் சூடாக்கினார்கள். நானும் பக்கத்தில் நின்றேன். நீலம் செங்கல் நிறமானது.

"கர்ப்பத்தில வாற சீனி வருத்தம். முதல் பிள்ளைக்கும் இது காரணமா இருந்திருக்கலாம்," என்றார் டொக்டர். "இனிப்பு வேணாம். சோத்தக் குறைங்க. இடையில பசிச்சா கடலை, பயறு, கச்சான், கொஞ்சம் கொஞ்சமாச் சாப்பிடுங்க."

(எங்கள் கரையில் கச்சான் என்றால் மேல்காற்று, நிலக்கடலையும் அதுதான். டொக்டர் சொன்னது நிலக்கடலையை.)

3

அன்றே முனாப் தொதல் கிண்டும் தாச்சிச் சட்டியைக் கூட்டாளி முத்தலிப்பின் வளவுக்குத் தூக்கிப்போனான். வாசம்கூட அவளுக்கு எட்டக்கூடாதாம்.

[இந்த இடத்தில் அவனைப் பெரிய கெட்டிக்காரனாக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன்.]

பாகு இல்லாமல் எதையும் உருட்டத் தெரியாத கை அது. அவளுக்காக இனிப்பில்லாத உருண்டை பிடிக்கப் பார்த்தான். எள்ளை உருட்டினான், உதிர்ந்தது. பயற்றமாவை உருட்டினான், கல்லாக இறுகியது. கடைசியில் அவித்த பயற்றில் தேங்காய்ப்பூத் தூவியும், வெள்ளரிப்பிஞ்சில் மிளகு தடவியும் கொடுத்தான். தின்றாள். சிறுநீர்ப் பரிசோதனையில் பச்சை வந்தது, சீனி குறைந்திருந்தது. நாக்கு மட்டும் அடங்கவில்லை.

4

அவளுடைய உம்மா நாச்சியாவுக்கு மனம் கேட்கவில்லை. "புள்ளத்தாச்சிட ஆசய அடக்கப்படா," என்று ஒளித்து வைத்த தொதலைக் கொடுத்தார். அடுத்த கிளினிக்கில் மறுபடியும் செங்கல் நிறம்.

'முனாப் கத்தினான்' என்று எழுதினேன். சுஹறா திருத்தினாள்.

"அவர் ஏசல்ல மதினி. பக்கத்தில குந்தி, 'ஆச வந்தா ஒளிக்காம எனக்கிட்டச் சொல்லு, என்னமும் செஞ்சு தாறன்' எண்டார். எனக்கு அழுக வந்திட்டு."

அன்று வறுத்த கச்சானையும் எள்ளையும் உரலில் போட்டு, விடாமல் இடித்தான். எண்ணெய் கசிந்து இரண்டும் தாமாகவே ஒட்டின. உப்பும் மிளகும் சேர்த்துச் சின்னதாய் உருண்டை பிடித்தான்.

"பாகு இல்லாமலா?" என்று நாச்சியா ஒன்றை எடுத்துக் கடித்தார். சற்று நேரம் மென்றார்.

"இன்னும் ஒண்டு தாங்க மருமகன்."

அதன்பிறகு அவரே இடித்துக் கொடுத்தார். பரிசோதனையில் மறுபடி பச்சை வந்தது. பிறகொரு நாள் நீலம் நீலமாகவே நின்றது.

5

முடிவு ஒன்று: 'பிரசவ அறைக்குள்ளிருந்து சத்தமே வரவில்...' இதற்குமேல் என் பேனை நகரவில்லை.

முடிவு இரண்டு: 'பெண் பிள்ளை. அளவான எடை. பிறந்ததும் அழுதது. அத்தோடு சீனி வருத்தம் அந்த வீட்டை விட்டு என்றென்றைக்கும்...'

அழுதது வரைக்கும் நடந்தது. மிச்சத்தை வாசிக்கும்போது சுஹறா கை காட்டி நிறுத்தினாள்.

"பிறகும் அது வரலாமெண்டு டொக்டர் சொன்னாரு. வந்தாப் பாப்பம். இப்ப புள்ள பால் குடிக்கிது. அதோட நிப்பாட்டுங்க."

நிறுத்துகிறேன். பிள்ளை இன்னும் குடித்துக்கொண்டிருக்கிறது.